ஊருணிக்குக் காவலர் யார்?

மனிதன் சேர்ந்து வாழத் தொடங்கிய நாள்தொட்டு அவனை விடாது தொடர்ந்து வரும் வினாக்கள் சில உண்டு. எல்லார்க்கும் உரிய பொருளைப் பேணும் கடமை யாருக்கு உரியது என்பது அவற்றுள் ஒன்று. ஊர் நடுவே ஊருணி இருக்கின்றது. அதில் நீர் முகப்பதற்கு எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. வழிப்போக்கனும் குடிப்பான், ஊர்த் தலைவனும் குடிப்பான். ஆனால் கோடையில் அதன் சேற்றை அள்ள வேண்டும். கரை உடைந்தால் அடைக்க வேண்டும். நீரில் நஞ்சு கலவாமல் காக்க வேண்டும். அப்பொழுது மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். 'எல்லார்க்கும் உரியது' என்னும் தொடர் உரிமையைப் பேசும்போது இனிக்கின்றது; கடமையைப் பேசும்போதோ 'எவர்க்கும் உரியதன்று' என்று பொருள் திரிந்துவிடுகின்றது.

இப்பழைய வினா நம் காலத்தில் புதியதோர் உருவம் எடுத்து வந்துள்ளது. வெள்ளமோ நிலநடுக்கமோ கொள்ளைநோயோ மக்களை வாட்டும்போது, கணிப்பொறி கற்ற இளைஞர்கள் கூலி கேளாமல் ஒன்றுகூடி, உதவி வேண்டுவோரையும் உதவ வல்லோரையும் இணைக்கும் இணையதளங்களை அமைக்கின்றனர். அவற்றை இயக்கும் மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், தம் ஊருக்கு எடுத்துச் செல்லலாம் என்று திறந்து வைக்கின்றனர். இது போற்றத்தக்க அறம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறத்துக்குள்ளும் ஆராய வேண்டிய சிக்கல்கள் இருக்கின்றன. விரும்பி வந்தவரிடம் கடமையை வற்புறுத்தலாமா? பலர் கூடிச் செய்த பணியில் பிழை நேர்ந்தால் பொறுப்பாளி யார்? துயருற்றோர் நம்பித் தந்த செய்தியை யார் காப்பது? நம் பிள்ளைகளுள் பலர் இக்கல்வியைக் கற்று வரும் இந்நாளில் இவற்றை எண்ணிப் பார்ப்பது இன்றியமையாதது.

சஹானாவின் வரலாறு

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்த துயரத்தைத் தமிழ் பேசும் உலகம் மறக்கவியலாது. நாகப்பட்டினம் முதல் குமரி வரை நம் கரையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல இலட்சம் பேர் வீடிழந்தனர். அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, மருதமுனை போன்ற ஊர்களில் நம் மொழி பேசும் முஸ்லிம் குடும்பங்கள் அடைந்த இழப்பு சொல்லில் அடங்காது.

அந்நாள்களில் பொருள் இல்லாமையினும் பெரிதாக நின்றது, செய்தி இல்லாமை. எந்த முகாமில் எத்தனை பேர், யாருடைய மகன் எங்கே, எந்த அமைப்பு எந்த ஊருக்கு எதைக் கொண்டு செல்கிறது என்பவற்றை ஒருசேர அறிந்தவர் எவருமில்லை. ஓர் ஊரில் உடைகள் மலையெனக் குவிந்தன; அடுத்த ஊரில் குடிநீர் இல்லை. அந்நிலையில் இலங்கையின் கணிப்பொறித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் சில நாள்களுக்குள் ஒரு மென்பொருளை உருவாக்கினர். லங்கா சாப்ட்வேர் பவுண்டேஷன் என்னும் அமைப்பு அதற்குத் துணை நின்றது. அதன் நிறுவனரான சஞ்சீவ வீரவரணவும், திட்டத்தை முன்னின்று நடத்திய சமிந்திர டி சில்வாவும் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கவர்கள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, தொண்டு அமைப்புகளின் பதிவேடு, தேவைகளையும் வழங்கல்களையும் பொருத்திப் பார்க்கும் பகுதி ஆகியவை அதில் அமைந்தன. இலங்கை அரசு மீட்புப் பணிக்கென அமைத்த தேசிய நடுவம் அதனைப் பயன்படுத்திற்று.

அதற்குச் 'சஹானா' என்று பெயரிட்டனர். நம் செவிக்கு அஃது ஓர் இராகத்தின் பெயர். சிங்கள மொழியில் 'நிவாரணம்' என்று பொருள்படும். பேரிடர் தணிந்தபின் அம்மென்பொருளை அவர்கள் கைவிட்டுவிடவில்லை. அவசரத்தில் எழுதியதை ஒதுக்கி, சுவீடன் நாட்டு உதவி நிறுவனத்தின் பொருளுதவியுடன் 2005-இல் அதனை மீண்டும் ஒழுங்காக எழுதினர். உலகத்தார் அனைவர்க்கும் திறந்து வைத்தனர். அதன் பயன் எங்கெல்லாம் சென்றது என்பதை நோக்குங்கள். 2005 அக்டோபரில் பாகிஸ்தானில் நிகழ்ந்த நிலநடுக்கம், 2006 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் நிகழ்ந்த நிலச்சரிவு, அவ்வாண்டு மே மாதத்தில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம், 2010 ஜனவரியில் ஹெய்ட்டியை அழித்த நிலநடுக்கம் ஆகியவற்றில் அது கைகொடுத்தது. கொழும்பில் ஒரு துயரத்துக்காகத் தோண்டிய ஊருணியில் பல நாட்டார் நீர் முகந்தனர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயன்மிக்க திட்டத்துக்கான 2006-ஆம் ஆண்டு விருதைச் சஹானாவுக்கு வழங்கிற்று. 2009-இல் சஹானாவைப் பேணுவதற்கென்றே தனியே ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

இவ்வரலாற்றில் பெரிதும் புகழப்படுவது முதல் சில நாள்களின் விரைவு. என் உள்ளத்தை ஈர்ப்பதோ 2005-இல் மீண்டும் உட்கார்ந்து எழுதியதும், 2009-இல் பேணுதற்கு ஓர் அமைப்பைக் கண்டதும் ஆகும். இரக்கம் முதல் நாள் எல்லார்க்கும் வரும். பிறருடைய துயரம் நாளேடுகளின் முதற்பக்கத்திலிருந்து மறைந்தபின்னும் அதற்காக உழைப்பதே அரிது.

கொடுத்தால் குறையாத செல்வம்

மூலநிரலைத் திறந்து வைத்தல் என்பது யாது? சமைத்த உணவை மட்டும் பரிமாறாமல், செய்முறையையும் எழுதிக் கொடுத்து, "உன் ஊர்ச் சுவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்" என்று சொல்வதை ஒத்தது அது. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இவ்வியக்கத்தைத் தொடங்கினார். மென்பொருளைப் பூட்டி வைப்பது அண்டை அயலானுக்கு உதவும் இயல்பையே கெடுக்கிறது என்பது அவருடைய வாதம். 1991-இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். உலகெங்கும் உள்ளோர் அதில் தம் பங்கைச் சேர்த்தனர். இன்று இணையத்தின் பெரும்பகுதி அதன்மீது நிற்கின்றது.

பொன்னைக் கொடுத்தால் கொடுத்தவனிடம் பொன் குறையும். நெல்லைக் கொடுத்தாலும் அப்படியே. கல்வி ஒன்றே கொடுத்தும் குறையாதது என்பது நம் முன்னோர் கண்டது. மென்பொருள் கல்வியின் இனத்தைச் சார்ந்தது. கொழும்பு தந்ததனால் கொழும்பில் குறையவில்லை. மணிலா திருத்தியதனால் கொழும்புக்கும் திருத்தம் கிடைத்தது.

இதனை நோக்கும்போது நம் சட்டநூலார் வகுத்த 'வக்ஃபு' நினைவுக்கு வருகின்றது. வக்ஃபு செய்த பொருளின் மூலத்தை விற்க முடியாது, அன்பளிப்பாக்க முடியாது, வாரிசுக்குப் போகாது. மூலம் நிலைத்து நிற்கும். பயன் மட்டும் மக்களிடம் பாயும். வக்ஃபு செய்தவர் விதித்த நேர்மையான நிபந்தனையை மீறவும் எவர்க்கும் உரிமையில்லை. திறந்த மென்பொருளின் உரிமங்களுள் ஒருவகை இதனோடு பெரிதும் ஒக்கும். "எடுத்துக்கொள், மாற்று, பிறர்க்குக் கொடு, ஆனால் நீ மாற்றியதையும் இவ்வாறே திறந்து வை" என்று அது நிபந்தனை விதிக்கின்றது. எந்நிபந்தனையும் பெரிதாக விதியாத மற்றொருவகை உரிமமும் உண்டு. அது வக்ஃபை ஒவ்வாது, அன்பளிப்பையே ஒக்கும். ஓர் உதவித் தளத்தைத் தொடங்குவோர் தாம் அளிப்பது இவ்விரண்டனுள் எது என்பதை முதல் நாளிலேயே தெளிந்து எழுதிவைத்தல் வேண்டும். பலர் கை பட்டபின் அதனை மாற்ற முற்பட்டால் ஒவ்வொருவரின் இசைவையும் தேடி அலைய நேரும். எண்ணம் தூயதாயிருப்பதோடு எழுத்தும் தெளிவாயிருக்க வேண்டும்.

ஆனால் வக்ஃபு நமக்குக் கற்பிக்கும் இன்னொரு பாடம் இதனினும் பெரிது. வக்ஃபை முத்தவல்லி இல்லாமல் விட்டுவிடுவதற்கு நம் அறிஞர் பெருமக்கள் ஒப்பவில்லை. நியமித்தவர் இல்லையேல் காழி நியமிக்க வேண்டும் என்றனர். பொருள் இறைவனுக்கென்று ஒப்படைக்கப்பட்டதாயிற்றே, அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் சொல்லவில்லை. உரிமையாளன் இல்லாத பொருளுக்குத்தான் காவலன் மிகுதியும் தேவை.

காவலன் இல்லாத ஊருணி

இதை மறந்ததனால் உலகம் பட்ட பாட்டுக்கு ஒரு சான்று கூறுவேன். ஓப்பன் எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் செல்லும் இரகசியச் செய்திகளைப் பிறர் படிக்காதவாறு காக்கும் திறந்த மென்பொருள். வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அரசுகளும் அதனைப் பயன்படுத்தி வந்தன. அதில் 2012-இல் நுழைந்த ஒரு பிழை 2014 ஏப்ரலில்தான் உலகுக்குத் தெரிய வந்தது. 'ஹார்ட்பிளீட்' என்று அதற்குப் பெயரிட்டனர். கடவுச்சொற்களும் மறைகுறிகளும் அதன் வழியே கசிந்திருக்கலாம் என்று உலகம் நடுங்கிற்று. பின்னர் விசாரித்தபோதுதான் வெளிப்பட்டது: உலகமே சார்ந்திருந்த அம்மென்பொருளை முழுநேரமும் பேணி வந்தவர் ஒருவரே, ஓராண்டில் அதற்குக் கிடைத்துவந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். குடித்தவர் கோடி, தூர் அள்ளியவர் ஒரு கைப்பிடி. அதன்பின்னரே பெரு நிறுவனங்கள் கூடி நிதி திரட்டின.

"பல கண்கள் பார்க்கின்றன, ஆகவே பிழை மறையாது" என்பது திறந்த மென்பொருளாளர் விரும்பிச் சொல்லும் வாதம். பார்க்கலாம் என்று இருப்பதும், பார்த்தார்கள் என்பதும் ஒன்றல்ல. கதவு திறந்திருப்பதனால் வீடு கூட்டப்பட்டுவிடாது. 'பர்ளு கிஃபாயா' என்னும் கூட்டுக் கடமை பற்றி மத்ரஸாவில் முதலாண்டு மாணவனும் அறிவான். ஊரில் சிலர் செய்துவிட்டால் அனைவர் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் அறிந்தும் வாளாவிருந்த அனைவரும் குற்றவாளியாவர். முதற்பகுதியை மட்டும் மனத்திற்கொண்டு, "யாரோ செய்திருப்பார்" என்று ஒவ்வொருவரும் எண்ணும்போது இரண்டாம் பகுதி நம் அனைவர் தலைமேலும் வந்து விழுகின்றது.

மேற்குத் தொடர்ச்சி மலையடியில் நெல்லை நம்பி வாழும் அச்சன்புதூர் போன்ற ஊர்களுக்கு இதற்கான விடை புதிதன்று. மலையிலிருந்து இறங்கும் நீர் எல்லா வயலுக்கும் பொது. ஆயினும் ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் மடையைத் திறந்தால் தலைவயல் அழுகும், கடைவயல் காயும். ஆதலால் நம் முன்னோர் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவரை அமர்த்தினர். நீர் அவருடையதன்று, நிலமும் அவருடையதன்று. முறை மட்டும் அவருடையது. வயல் வயலாய் நடந்து முறைப்படி நீர் விட்டவருக்கு அறுவடைக் காலத்தில் களத்து நெல்லில் ஒரு பங்கை எல்லாரும் அளந்தனர். பொதுப்பணி செய்தவர் பசித்திருக்க வேண்டும் என்று ஊர் எண்ணவில்லை. முத்தவல்லியும் தம் உழைப்புக்கு ஏற்ற நியாயமான ஊதியம் பெறலாம் என்றே சட்டநூலாரும் இசைந்தனர். கூலி வாங்கினால் தொண்டின் தூய்மை கெடும் என்று சிலர் கருதுகின்றனர். தன் பிள்ளைகளின் உணவை இழந்து ஒருவர் ஊருக்கு நெடுநாள் காவலிருக்க முடியாது. அவர் சோர்ந்து விலகும் நாளில் இழப்பு ஊருக்கே.

கூட்டம் பெருகினால் பணி பெருகுமா?

பேரிடரின்போது நல்லெண்ணம் வெள்ளம்போல் வரும். ஆயிரம் பேர், "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு நிற்பர். அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட தம் நூலில் ஓர் உண்மையை விளக்கினார்: பிந்திவிட்ட மென்பொருள் பணியில் ஆளைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும். புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுப்பதில் பழையவரின் நேரம் கழியும். ஒருவரோடொருவர் பேசி ஒத்துப்போவதிலும் பொழுது போகும். திருமண வீட்டில் அடுப்பருகே ஐம்பது பேர் நின்றால் என்ன நேரும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். உப்பை ஐவர் போடுவர். தீயை எவரும் பாரார்.

ஆயின் வந்தவரைத் திருப்பி அனுப்புவதா? அதுவும் அறமன்று. நற்செயல் செய்ய எழுந்தவனின் ஆர்வத்தை அணைப்பது ஒருவகைக் கொடுமை. எனவே பொறுப்பேற்றோரின் முதற்கடமை, பணியைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் யாது, எப்போது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று எழுதிவைப்பது. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு மட்டும் வேலை உண்டு என்பதும் பிழையான எண்ணம். பக்கங்களைத் தமிழாக்க வேண்டும். கைபேசியில் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வந்த வேண்டுகோளின் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து உண்மையை உறுதி செய்ய வேண்டும். புதியவருக்கான வழிமுறைகளை எழுத வேண்டும். இவற்றை வீட்டிலிருக்கும் பெண்களும் பணி ஓய்வு பெற்ற முதியோரும் செவ்வனே செய்யலாம்.

2018 ஆகஸ்டில் நம் மலைக்கு அப்பால் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது கேரள அரசின் தகவல் தொழில்நுட்ப இயக்கமும் தொண்டர்களும் சேர்ந்து 'கேரளா ரெஸ்க்யூ' என்னும் தளத்தை அமைத்தனர். அதன் மூலநிரல் அனைவர்க்கும் திறந்திருந்தது; எங்கெங்கோ இருந்த இளைஞர்கள் இரவு பகலாக அதைச் செப்பனிட்டனர். வளைகுடாவில் இருந்த மகன், செங்ஙன்னூரில் மாடியில் சிக்கிய தன் தாய்க்காக அதில் வேண்டுகோள் இட முடிந்தது. அத்தகைய நாள்களில் உடன் வந்த துன்பமும் உண்டு. ஒரே வேண்டுகோளைப் பத்துப் பேர் பத்து முறை இடுவர். காப்பாற்றப்பட்டுக் கரையேறியவருக்காக மறுநாளும் செய்தி சுற்றிக்கொண்டிருக்கும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும் இதுவே கண்டோம். இரக்கத்தால் பரப்பிய பழைய செய்தி ஒரு படகை வெற்று வீட்டுக்கு அனுப்பும். அந்நேரத்தில் மற்றொரு வீட்டில் நீர் உயர்ந்துகொண்டிருக்கும். ஆகவே உறுதி செய்யாமல் பரப்புவது உதவியன்று. செய்தியைச் சேர்ப்பவரினும் சரிபார்ப்பவர் செய்யும் தொண்டு பெரிது. அவர் பெயர் எங்கும் வெளிவருவதில்லை என்பதும் உண்மை.

திறக்க வேண்டியதும் மூட வேண்டியதும்

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். மூலநிரலைத் திறந்து வைப்பது அறம். அதில் பதிவான மனிதரின் செய்தியைத் திறந்து வைப்பது அறமாகாது. நிரலை எழுதியவர் அதனைக் கொடுக்க உரிமையுடையவர். ஆனால் தன் பெயரையும் நோயையும் தங்கியிருக்கும் முகாமையும் சொன்ன பெண், அதனை உலகுக்குக் கொடுக்கவில்லை. உதவி வேண்டி நம்மிடம் ஒப்படைத்தாள். அஃது அமானிதம். அமானிதத்தை உரியவர் இசைவின்றி வேறு பயனுக்குச் செலுத்துவது மோசடி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

பெற்றோரைக் கடலுக்கு இழந்த குழந்தையின் பெயரும் படமும் இருப்பிடமும் ஒரு பட்டியலில் வெளியாகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதனைத் தேடும் பாட்டியின் கண்ணிலும் படும். குழந்தைகளைக் கடத்துவோன் கண்ணிலும் படும். தேடும் கண்ணுக்குக் காட்டி, கெடுக்கும் கண்ணுக்கு மறைப்பது எப்படி என்பதே கடினமான வேலை. யார் எதைப் பார்க்கலாம் என்று படிநிலை வகுக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கலாகாது. பேரிடர் முடிந்தபின் பட்டியலை அழிக்க வேண்டிய நாளையும் முன்னமே குறிக்க வேண்டும். "அவசரத்தில் இதையெல்லாம் பார்க்க முடியுமா?" என்பர். உண்மைதான், அவசரத்தில் முடியாது. ஆதலால்தான் அவசரத்துக்கு முன்னமே செய்துவைக்க வேண்டும் என்கிறோம். கொழும்புத் தொண்டர்கள் 2005-இல் மீண்டும் உட்கார்ந்து எழுதியதன் பொருளும் இதுவே.

பட்டியல் இருந்தால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதையும் இலங்கையின் வரலாறே காட்டுகின்றது. கடற்கோளுக்குப் பின் உதவிகளைப் பகிர்வதற்காக 2005 ஜூனில் அரசும் விடுதலைப் புலிகளும் ஒரு கூட்டு ஏற்பாட்டில் ஒப்பமிட்டனர். கடற்கோளால் பேரிழப்புற்ற முஸ்லிம்கள் தாங்கள் அதில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை என்று முறையிட்டனர். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் சில பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது; ஏற்பாடு நடைமுறைக்கு வரவேயில்லை. கருவியை எல்லார்க்கும் பொதுவாக்குவது எளிது. மனத்தைப் பொதுவாக்குவது அரிது. எனினும் எவர் பெயரும் விடுபடாத பதிவேடு, எவர் மொழியிலும் எழுதக்கூடிய பதிவேடு, நீதிக்கு முதற்படியேனும் ஆகும். எண்ணப்படாதவனுக்குப் பங்கு கேட்க எவராலும் முடியாது.

விரும்பித் தொடங்கியதை இடையில் விடலாமா?

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். "நான் கூலி வாங்கவில்லை, மனமிருந்தால் செய்வேன், இல்லையேல் விடுவேன். என்னைக் கேட்க எவர்க்கு உரிமை?" என்று தொண்டர் ஒருவர் கூறினால் அவருக்கு என்ன மறுமொழி?

கடமையல்லாத நஃபிலான தொழுகையையோ நோன்பையோ ஒருவர் தொடங்கிவிட்டால் அதை முடித்தே ஆக வேண்டுமா என்று நம் சட்ட மேதைகள் ஆராய்ந்துள்ளனர். தொடங்குமுன் அது விருப்பம். தொடங்கியபின் முடிப்பது கடமை. முறித்தால் மீட்டுச் செய்ய வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் முடிவு. முடிப்பது சிறப்பு, ஆனால் விருப்ப வணக்கம் விருப்பமாகவே நிற்கும், இடையில் விட்டாலும் குற்றமில்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு. இரு மத்ஹபினரும் தமிழகத்தில் வாழ்வதனால் இவ்வேறுபாடு நமக்குப் பழக்கமானது. மென்பொருளுக்கு இதிலிருந்து தீர்ப்பு வழங்க நான் முற்படவில்லை. இரு பெரும் சிந்தனைகளும் நம் வினாவின் இருபுறத்தையும் காட்டுகின்றன என்பதையே சொல்ல வருகிறேன்.

ஷாஃபிஈ மரபின் நோக்கில் தொண்டரின் உரிமை தெளிவாகின்றது. கொடுப்பவனின் மனம் கட்டாயத்துக்கு உட்பட்டால் கொடை தன் இயல்பை இழக்கும். சோர்ந்தவரை, "நீதானே தொடங்கினாய்" என்று விரட்டுவது நன்றிகெட்ட செயல். ஹனஃபி மரபின் நோக்கில் தொடக்கத்தின் கனம் தெளிவாகின்றது. தொடங்குவதே ஒரு வாக்குறுதி. அதை நம்பி ஒருவர் மாடியில் விளக்கை ஏற்றிக் காத்திருக்கின்றார். நஃபில் நோன்பை முறித்தால் அது அடியானுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. உதவித் தளத்தைச் சொல்லாமல் கைவிட்டால் அங்கே பிற மனிதரின் உரிமை வந்து சேர்ந்துவிடுகின்றது. அவ்வுரிமை சேர்ந்த இடத்தில் இரு மரபினரும் ஒரே முடிவுக்கு வருவர் என்றே எண்ணுகிறேன்: விலகலாம், ஒப்படைக்காமல் விலகலாகாது.

ஒப்படைப்பதும் கண்ணை மூடிக்கொண்டு செய்வதன்று. எக்ஸ்இசட் என்னும் சிறிய திறந்த மென்பொருளைத் தொண்டர் ஒருவர் பல்லாண்டு தனியே பேணி வந்தார். அவர் சோர்ந்திருந்த காலத்தில் புனைபெயர் கொண்ட ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டாண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல பணி செய்து நம்பிக்கை பெற்றார். "ஏன் இவ்வளவு தாமதம்? பொறுப்பை மற்றவரிடம் கொடு" என்று அறிமுகமற்ற சிலர் மூத்தவரை வற்புறுத்தியும் வந்தனர். பொறுப்புக் கைமாறியது. அதன்பின் வந்தவர் கணிப்பொறிகளுக்குள் கள்ளத்தனமாக நுழையும் வாயிலை அதில் ஒளித்து வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், ஏறத்தாழ அரை விநாடித் தாமதம் ஒன்றை ஐயுற்று ஆராய்ந்து அதனைக் கண்டுபிடித்தார். இல்லையேல் விளைவு பெருங்கேடாயிருக்கும். சோர்ந்த காவலனைத் தனியே விட்ட உலகத்துக்கு இஃது எச்சரிக்கை. சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கலாகாது, அறியாதவரிடமும் போகலாகாது. இருவர் அல்லது மூவர் பொறுப்பேற்று, ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்து இசைந்தபின்னரே பொதுமக்களிடம் செல்ல வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்று கற்ற சமுதாயம் நாம். உயிரோடு தொடர்புடைய பணிக்கு அது வேண்டாவா?

நன்கு முடிப்பதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது இந்தியத் தொண்டர்கள் 'கோவிட்19இந்தியா' என்னும் தளத்தைத் தொடங்கினர். மாநில அரசுகளின் அறிக்கைகளை நாள்தோறும் திரட்டி நாட்டு மக்களுக்கு எண்ணிக்கை தந்தனர். நாளேடுகளும் ஆய்வாளரும் அவற்றை நம்பினர். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் உழைத்தபின், இனித் தம்மால் தொடரவியலாது என்பதை வாரங்களுக்கு முன்னமே அறிவித்து, 2021 அக்டோபர் 31-ஆம் நாளோடு நிறுத்தினர். திரட்டியவை அனைத்தும் திறந்தே இருந்தமையால் பிறர் அவற்றை எடுத்துத் தொடர முடிந்தது. எவரையும் நடுவழியில் விடாமல் விளக்கை இறக்கி வைத்த பண்பு அது.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் நெல்லையும் தூத்துக்குடியும் தென்காசியும் கண்ட மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் நடுவழியில் சிக்கினர். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த ஊர்களில் எந்த இணையதளமும் பயன்படாது. அங்கே படகும், பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும், இடுப்பளவு நீரில் நடந்துசென்ற இளைஞனின் காலுமே உதவும். ஆகவே கணிப்பொறியைக் கண்டு மயங்கவும் வேண்டா, வெறுக்கவும் வேண்டா. நீரில் நடப்பவனுக்கு எந்தத் தெருவுக்கு முதலில் செல்ல வேண்டும் என்று சொல்ல ஒரு பதிவேடு வேண்டும். அப்பதிவேட்டை வெளியூரிலிருந்து பேண ஒருவர் வேண்டும். அது மழைக்கு முன்னமே அமைந்திருக்க வேண்டும்.

நம் இல்லங்களில் கணிப்பொறி கற்ற பிள்ளைகள் இருக்கின்றனர். சிலர் சென்னையிலும் பெங்களூரிலும், சிலர் துபாயிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றுகின்றனர். சஹானா போன்றவற்றின் மூலநிரல் அவர்களுக்காகவும் திறந்தே கிடக்கின்றது. புதிதாக ஒன்றைத் தம் பெயரில் தொடங்குவதினும், இருப்பதை எடுத்துத் தம் மாவட்டத்துக்குப் பொருத்துவதும், அதில் ஒரு பிழையைத் திருத்துவதும், ஒரு பக்கத்தைத் தமிழாக்குவதும் மேலான தொண்டு. புதுக் கிணறு வெட்டியவன் பெயரைக் கல்லில் பொறிப்பர். பழைய ஊருணியில் தூர் அள்ளியவனுக்குக் கல் இல்லை. எண்ணத்தின் தூய்மை சோதிக்கப்படும் இடம் அதுவே.

பெரியோர்க்கும் ஒரு கடமை உண்டு. இரவில் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் மகன் வீண்பொழுது போக்குகின்றான் என்று எண்ணுமுன் ஒருமுறை கேளுங்கள். அவன் எங்கோ ஓர் ஊரின் முகாம் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். அவ்வாறாயின் அவனுக்குத் துணையாய் இருங்கள், தனியே விட்டுவிடாதீர்கள். ஊர் ஜமாஅத்துகள் ஆண்டுக்கொரு முறையேனும் இத்தகைய இளைஞரை அழைத்து, தெருவாரியாக முதியோர், நோயாளிகள், தனித்திருப்போர் யார் யார், பதிவேடு யாரிடம் இருக்கின்றது, அவர் இல்லாவிடில் அடுத்தவர் யார் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். கேட்கும்போது ஜாதி, சமய வேறுபாடின்றி ஊரார் அனைவர் வீட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். வெள்ளம் வேறுபாடு பார்த்து வருவதில்லை.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்குகின்றது. அதற்கு முன் இவ்வினாக்களுக்கு விடை எழுதிவிட்ட ஊர் எதுவோ, அவ்வூரில் ஊருணிக்குக் காவலர் இருக்கிறார் என்று பொருள்.